மாணவியர் விளையாட்டும் பாலின வரையறையும்: சட்டமும் ஃபிக்ஹும்

பாலாற்றங்கரையின் தோல் தொழில் நகரங்கள் இரண்டு சிறப்புகளால் அறியப்படுபவை. ஒன்று, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை முதலிய ஊர்களில் பதனிடப்பட்டும் தைக்கப்பட்டும் கடல் கடந்து செல்லும் தோலும் காலணியும். மற்றொன்று, அத்தொழிலில் ஈட்டிய பொருளைக் கொண்டு நம் முன்னோர் எழுப்பிய கல்வி நிலையங்கள். 1919இல் தோன்றிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி, 1924இல் காக்கா முஹம்மது உமர் அவர்கள் நிறுவிய உமராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாம், 1965இல் மேல்விஷாரத்தில் உருவான சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி, ஆம்பூரின் மஸ்ஹருல் உலூம் நிறுவனங்கள் ஆகியன அவ்வரிசையில் உள்ளவை. காலப்போக்கில் பெண்களுக்கெனப் பள்ளிகளும் மகளிர் கல்லூரிகளும் எழுந்தன. வகுப்பறைக்குள் வந்த பெண்பிள்ளைகள், தயங்கித் தயங்கியேனும், விளையாட்டுத் திடலுக்கும் வந்து சேர்ந்தனர்.

அத்திடலின் வாயிலில் இன்று ஒரு வினா நிற்கிறது. பெண்கள் பிரிவில் யார் போட்டியிடலாம்? திருநங்கையராக வாழும் மாணவர்களுக்கு அங்கு இடமுண்டா? அதனை முடிவு செய்பவர் யார், எவ்வகைச் சான்றைக் கொண்டு? அமெரிக்காவின் பல மாநிலங்கள் இதற்கெனத் தனிச் சட்டங்களே இயற்றியுள்ளன. இது மேலைநாட்டாரின் வழக்கு, நமக்கென்ன என்று ஒதுக்கிவிட இயலாது. இவ்வகையில் மிகக் கடுமையான துன்பத்தை அடைந்தவர்களுள் ஒருவர் நம் தமிழ்நாட்டுப் பெண்மணி. திருநர் மாணவர்களின் விளையாட்டு உரிமையைப் பேசும் சட்டவிதியொன்று நம் நாட்டிலும் உண்டு. மேலும், 2025 செப்டம்பர் முதல் உலகத் தடகளப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓடவிரும்பும் எவரும் மரபணுச் சோதனைக்கு உட்பட்டாக வேண்டும். வேலூர்ச் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014இலும் 2018இலும் காமன்வெல்த் பளுதூக்கும் போட்டியில் தங்கம் வென்றதை நாம் அறிவோம். நம் பகுதிப் பெண்ணொருத்தி நாளை அவ்வரங்கை எட்டுவாளாயின், இவ்வினா அவளையே நேரில் எதிர்கொள்ளும். எனவே இதனை ஆரவாரமின்றிப் பொறுமையாக ஆராய்வது நம் கடமையாகிறது.

மூன்று வகையினர்

இவ்விவாதத்தில் பெருங்குழப்பம் விளைவது வேறுவேறு நிலையினரை ஒரே பெயரால் அழைப்பதனாலேயே. முதலில் அவர்களைப் பிரித்தறிதல் வேண்டும்.

முதல் வகையினர், பிறவியிலேயே உடற்கூற்றில் ஆண், பெண் என்னும் இரண்டில் ஒன்றாக முற்றிலும் அடங்காதோர். இடைப்பாலினர் என இன்று இவர்களைக் குறிக்கின்றனர். பெண்ணாகவே பிறப்புப் பதிவு பெற்று, பெண்ணாகவே வளர்ந்து, குரோமோசோம் அமைப்பில் மட்டும் ஆணுக்குரிய கூறு கொண்டோரும் இவர்களுள் அடங்குவர். தம் நிலையை அவர்களே அறியாதிருப்பதும் உண்டு.

இரண்டாம் வகையினர், ஆண் உடலோடு பிறந்து, ஆண் பருவமெய்திய பின்னர்ப் பெண்ணாக வாழத் தலைப்பட்டோர். திருநங்கையர் என்னும் சொல் பெரும்பாலும் இவர்களையே சுட்டுகிறது. மூன்றாம் வகையினர், இன்னும் பருவமெய்தாச் சிறார். தொடக்கப்பள்ளி, நடுநிலைப்பள்ளிப் பிள்ளைகளுட் பெரும்பாலோர் இந்நிலையினரே.

இம்மூவருக்கும் ஒரே விதியை விதிப்பது அறிவியலுக்கும் பொருந்தாது. நாம் பின்னர்க் காணவிருக்கும் ஃபிக்ஹின் நடைமுறைக்கும் பொருந்தாது.

பெண்கள் பிரிவு எதற்காக?

பருவமெய்துமுன் சிறுவர் சிறுமியரிடையே ஓட்டத்திலும் தாண்டலிலும் காணப்படும் வேறுபாடு சிறிது. பருவ வயதில் ஆணுடலில் டெஸ்டோஸ்டிரோன் என்னும் சுரப்பு பன்மடங்கு பெருகுகிறது. எலும்பு நீள்கிறது, தசை திரள்கிறது, குருதியில் ஹீமோகுளோபின் உயர்கிறது. இதன் விளைவாக உயர்நிலை ஓட்டப் போட்டிகளில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே ஏறத்தாழ 10 முதல் 12 விழுக்காடு வேறுபாடு நிலவுகிறது. தாண்டுதலிலும் பளுதூக்குதலிலும் அது இன்னும் மிகுதி. ஒரு விழுக்காட்டின் சிறு பகுதியே பதக்கத்தை முடிவு செய்யும் களத்தில் இது கடக்கவொண்ணாத இடைவெளியாகும்.

பெண்கள் பிரிவு என ஒன்று தனித்து வகுக்கப்பட்டதன் காரணம் இதுவே. அப்பிரிவு இல்லையேல், எத்துணை உழைத்தாலும் ஒரு பெண் இறுதிச் சுற்றில் இடம்பெறுதல் அரிது. எனவே அதன் எல்லையைக் காக்க வேண்டும் என்போரின் கவலையைக் காழ்ப்பு என்று தள்ளிவிடல் தகாது. சுரப்பைக் குறைக்கும் மருத்துவம் மேற்கொண்டால் ஹீமோகுளோபின் சில மாதங்களிலேயே பெண்களின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஆயினும், ஓராண்டுக்குப் பின்னும் தசை வலிமையில் ஏற்படும் குறைவு சிறிதே என ஆய்வுகள் கூறுகின்றன. பயிற்சி பெற்ற திருநங்கை வீராங்கனையரை நேரடியாக ஆராய்ந்த ஆய்வுகள் மிகச் சிலவே என்பதையும் உடன் சொல்லுதல் நேர்மையாகும்.

இடைப்பாலினர் நிலை இதனின் வேறானது. அவர்களுட் சிலரது உடல் ஆண்சுரப்பைச் சுரந்தாலும் அதனை ஏற்றுப் பயன்படுத்த இயலாதது. முழுமையாக ஏற்காத உடலுக்கு அச்சுரப்பால் பயன் ஏதுமில்லை. ஓரளவு ஏற்கும் உடலுக்கு எவ்வளவு பயன் என்பதே அறிஞரிடையே வழக்காடப்படும் செய்தி.

கத்தக்குறிச்சியிலிருந்து தோஹா வரை

புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில், செங்கற்சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் 1981இல் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். வறுமையை ஓட்டத்தால் வென்றவர். 2005இல் தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி பெற்றார். 2006 டிசம்பரில் கத்தார் நாட்டின் தோஹாவில் நடந்த ஆசிய விளையாட்டுகளில் அதே ஓட்டத்தில் பஹ்ரைனின் மர்யம் யூசுஃப் ஜமாலுக்கு அடுத்து வந்து மீண்டும் வெள்ளி வென்றார். ஆசிய விளையாட்டில் பதக்கம் வென்ற முதல் தமிழ்ப்பெண் என நாடே கொண்டாடியது. கொண்டாட்டம் சில நாட்களே நீடித்தது. பாலினச் சோதனையில் அவர் தேறவில்லை என அறிவிக்கப்பட்டது. பதக்கம் பறிக்கப்பட்டது.

ஊக்கமருந்து எதையும் அவர் உட்கொண்டிலர். ஆணாக இருந்து பெண்ணாக வேடமிட்டவரும் அல்லர். பிறந்த நாள் முதல் பெண்ணாகவே வளர்ந்தவர். ஆயினும் அவருடைய உடலின் மறைபொருள் செய்தித்தாள்களிலும் தொலைக்காட்சியிலும் உலகறிய வெளியிடப்பட்டது. அன்றைய முதலமைச்சர் கலைஞர் கருணாநிதி அறிவித்தபடி 15 இலட்சம் ரூபாய் பரிசு வழங்கப்பட்டது. அப்பொருளைக் கொண்டு அவர் புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டப்பயிற்சி தந்தார் என்பது நினைவில் நிறுத்தத்தக்கது. எனினும் அவமானத்தின் சுமை அவரை உயிரை வெறுக்கும் நிலைக்கே தள்ளியது. ஒரு கட்டத்தில் மீண்டும் செங்கற்சூளையில் கூலி வேலைக்குச் சென்றார். பின்னர்ப் பயிற்றுநர் பட்டயம் பெற்று, 2016இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்றுநராக நியமிக்கப்பட்டார். பதக்கம் மட்டும் திரும்பவில்லை.

ஒடிசாவின் டூட்டி சந்த் 2014இல் இதே காரணத்தால் காமன்வெல்த் போட்டிக்கான அணியிலிருந்து நீக்கப்பட்டார். அவர் வாளாவிருக்கவில்லை. சுவிட்சர்லாந்திலுள்ள விளையாட்டு நடுவர் மன்றத்தில் வழக்குரைத்தார். பெண்களின் உடலில் இயற்கையாகச் சுரப்பு மிகுந்திருப்பதால் எவ்வளவு பயன் விளைகிறது என்பது நிறுவப்படவில்லை எனக் கூறி, 2015 ஜூலையில் அம்மன்றம் அவ்விதியை ஈராண்டுக்கு நிறுத்திவைத்தது. டூட்டி சந்த் 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஓடினார். இருவருக்கும் நேர்ந்தது ஒன்றே. உதவிக்கு ஆள் கிடைத்தவர் மீண்டார், கிடைக்காதவர் வீழ்ந்தார். சட்டம் என்பது எளியோரை எட்டும் வழியும் தன்னகத்தே கொண்டிருத்தல் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சோதனையின் வரலாறு

பாலினச் சோதனை புதிதன்று. 1966இல் புடாபெஸ்டில் நடந்த ஐரோப்பியத் தடகளப் போட்டியில் வீராங்கனையர் மருத்துவர் முன் ஆடையின்றி நிற்கப் பணிக்கப்பட்டனர். அவ்விழிவுக்கு எதிர்ப்பு எழவே, 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் கன்னத்தின் உட்புறச் செல்லை எடுத்து ஆராயும் முறை வந்தது. ஸ்பெயினின் தடையோட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்த்தினேஸ் பத்தின்யோ 1985இல் ஜப்பானின் கோபே நகரில் அச்சோதனையில் தவறினார். அவர் உடல் ஆண்சுரப்பை முற்றிலும் ஏற்காதது. உதவித்தொகையையும் பட்டங்களையும் இழந்து போராடிய பின் 1988இல் தகுதி மீண்டது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் சோதிக்கப்பட்ட மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுள் எண்மருக்கு ஆண் மரபணுக் கூறு காணப்பட்டது. எண்மரும் தகுதியுடையோர் என்றே அனுமதிக்கப்பட்டனர். பயனின்றி மனம் புண்படுத்தும் சோதனை எனக் கருதி ஒலிம்பிக் குழு 1999இல் அதனைக் கைவிட்டது.

அதன்பின் ஐயத்திற்குரியோரை மட்டும் சோதிக்கும் முறை தொடர்ந்தது. சாந்தியை வீழ்த்தியது அதுவே. தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா தொடுத்த வழக்கு 2019 மே மாதத்தில் நடுவர் மன்றத்தில் தள்ளுபடியானது. ஆயினும், அவர் வழக்கைச் சுவிட்சர்லாந்தின் உச்ச நீதிமன்றம் போதிய கவனத்துடன் ஆராயவில்லை என்று 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு தீர்ப்பளித்தது. இதற்கிடையே உலகத் தடகள அமைப்பு, ஆண் பருவமெய்திய திருநங்கையரை 2023 மார்ச் 31 முதல் பெண்கள் பிரிவிலிருந்து விலக்கியது. 2025 செப்டம்பர் முதல் அனைத்து வீராங்கனையர்க்கும் வாழ்நாளில் ஒருமுறை மரபணுச் சோதனை என்னும் விதியையும் கொணர்ந்தது. சுரப்பை முற்றிலும் ஏற்காத உடலினர்க்கு அதில் விலக்கு உண்டு. கைவிடப்பட்ட முறை கால் நூற்றாண்டுக்குப்பின் புதிய வடிவில் திரும்பியிருக்கிறது.

அமெரிக்கச் சட்டங்கள் தரும் படிப்பினை

உயர்நிலைப் போட்டிக்கு வகுக்கப்பட்ட இவ்விதிகளைப் பள்ளித் திடலுக்கும் இறக்கியதே அமெரிக்கச் சட்டங்களின் தனித்தன்மை. 2020இல் ஐடஹோ மாநிலம் இவ்வகையில் முதற்சட்டம் இயற்றியது. இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் பின்பற்றின. 2025 பிப்ரவரி 5இல் அதிபர் டிரம்ப் நாடு தழுவிய ஆணை பிறப்பித்தார். ஐடஹோ, மேற்கு வர்ஜீனியா மாநிலச் சட்டங்களை எதிர்த்த வழக்குகளை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் விசாரணைக்கு ஏற்றது. மேற்கு வர்ஜீனியா வழக்கிலுள்ள மாணவர், மருத்துவத்தின் வழி ஆண் பருவமெய்தாதவர் என்பது கருதத்தக்கது. மேலே நாம் பிரித்துக் காட்டிய வகைகளை ஒன்றாக்கினால் விளையும் சிக்கலுக்கு அவ்வழக்கே எடுத்துக்காட்டு.

யூட்டா மாநில நிகழ்ச்சி இன்னும் தெளிவானது. 2022 மார்ச்சில் அம்மாநில ஆளுநர் ஸ்பென்சர் காக்ஸ் இச்சட்டத்திற்கு ஒப்புதல் மறுத்தார். உயர்நிலைப் பள்ளி விளையாட்டில் பங்கேற்கும் 75,000 மாணவருள் திருநர் நால்வரே, பெண்கள் பிரிவில் விளையாடுபவர் ஒருவரே என்று அவர் சுட்டிக்காட்டினார். சட்டமன்றம் அவர் மறுப்பைத் தள்ளிச் சட்டத்தை நிறைவேற்றியது. அதே ஆண்டில் மற்றொன்றும் வெளிவந்தது. ஒரு போட்டியில் பெருவேறுபாட்டில் வென்ற மாணவியைக் குறித்து, அடுத்த இடங்களைப் பெற்றோரின் பெற்றோர் ஐயம் எழுப்பினர். விளையாட்டுச் சங்கம் மழலையர் பள்ளி வரை அவளுடைய பதிவேடுகளைத் துருவிப் பார்த்தது. அவள் என்றும் பெண்ணே என்பது தெளிவாயிற்று. பெண்களைக் காக்கவென எழுந்த ஐயம் முதலில் வந்து விழுந்தது ஒரு பெண்பிள்ளையின் மீதேயாம்.

இதில் நமக்கோர் எச்சரிக்கை உண்டு. விளையாட்டின் பெயரால் எங்கோ எழுதப்படும் விதி நம் பிள்ளைகளை எவ்வாறு தீண்டும் என்பதை முஸ்லிம்கள் முன்னரே கண்டிருக்கின்றனர். தலைமறைப்பு அணிந்ததற்காக ஈரான் பெண்கள் கால்பந்து அணி 2011இல் ஒலிம்பிக் தகுதிச் சுற்றை இழந்தது. அத்தடையைப் பன்னாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பு 2014இலும் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 2017இலுமே நீக்கின. பாதுகாப்பு, நேர்மை என்னும் சொற்கள் சில வேளைகளில் யாரை வெளியே நிறுத்துகின்றன என்பதை எண்ணிப்பார்க்கும் பழக்கம் நமக்கு இருத்தல் நன்று.

இந்தியச் சட்டத்தின் நிலை

திருநர் உரிமைகளை ஏற்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2014 ஏப்ரல் 15இல் வெளியானது. அதே மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றமும் ஒரு வழக்கை முடித்தது. பெண்ணாக வளர்ந்து காவல்துறையில் சேர்ந்த ஒருவர், மருத்துவச் சோதனையின் பின் பெண்ணல்லர் எனக் கூறிப் பணிநீக்கப்பட்டார். அவரைப் பெண்ணாகவே ஏற்று மீண்டும் பணியில் அமர்த்துமாறு நீதிபதி எஸ். நாகமுத்து உத்தரவிட்டார். 2019 ஏப்ரலில் அந்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இடைப்பாலினக் குழந்தைகளுக்குப் பால் திருத்த அறுவை செய்வதைத் தடுக்கப் பணித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு அவ்வாறே ஆணையிட்டது. 2008இலேயே நல வாரியம் அமைத்த மாநிலம் நம்முடையது.

2020 ஜனவரி 10 முதல் நடைமுறைக்கு வந்த திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 2019இல் இயற்றப்பட்ட வடிவில், இடைப்பாலினரையும் தன் வரையறைக்குள் கொண்டது. அரசு நிதி பெறும் அல்லது அரசால் ஏற்பளிக்கப்பட்ட கல்வி நிறுவனங்கள் யாவும் திருநர் மாணவர்களுக்குப் பாகுபாடின்றி ஏனையோர்க்கு நிகராகக் கல்வியும் விளையாட்டு வாய்ப்பும் அளிக்க வேண்டும் என்பது அதன் 13ஆம் பிரிவு. நம் சிறுபான்மையினர் பள்ளிகளும் அரசின் ஏற்பு பெற்றவையே என்பதை நிர்வாகத்தினர் கருத வேண்டும். ஆனால் எந்தப் பிரிவில் விளையாட வாய்ப்பளிப்பது என்பதைப் பற்றி அவ்விதி ஒன்றும் கூறவில்லை.

அவ்வெற்றிடத்தை நீதிமன்றங்களே நிரப்ப நேர்ந்தது. கோழிக்கோட்டு மாவட்ட ஜூடோ போட்டியில் பெண்கள் பிரிவில் பங்கேற்க விழைந்த திருநங்கை ஒருவரின் மனுவை 2022இல் கேரள உயர்நீதிமன்றம் விசாரித்தது. திருநருக்கெனத் தனிப்பிரிவு அமைக்காத நிலையில், அவர் தேர்ந்த பிரிவில் அனுமதிப்பதே வழி என்று அது கருதியது. தனிப்பிரிவு அமைப்பதற்கும் முன்னோடி அங்கேயே உண்டு. 2017இல் கேரள விளையாட்டுக் கழகம் திருவனந்தபுரத்தில் திருநருக்கெனத் தடகளப் போட்டி நடத்தியது. எனினும் ஒரு மாவட்டத்தில் ஓரிருவரே இருப்பின் தனிப்பிரிவு என்பது பெயரளவில் நின்றுவிடும் என்பதையும் மறுக்கவியலாது.

குன்ஸா குறித்த ஃபிக்ஹு

இனி, நம் மார்க்க அறிஞர்கள் இதனை எவ்வாறு அணுகினர் என்பதைக் காண்போம். அறியாமைக் காலத்து அரபியரின் தீர்ப்பாளர் ஆமிர் இப்னுழ் ழரிப் என்பவரிடம், ஆண்குறியும் பெண்குறியும் கொண்ட ஒருவருக்கு வாரிசுரிமையில் எப்பங்கு என்ற வழக்கு வந்தது. எவ்வழக்கிலும் தயங்காத அவர் அன்று தீர்ப்புரைக்க இயலாமல் இரவெல்லாம் விழித்திருந்தார். அவருடைய ஆடு மேய்க்கும் அடிமைப்பெண் காரணத்தைக் கேட்டறிந்து, சிறுநீர் வெளியேறும் வழியைக் கொண்டு முடிவு செய்யுமாறு கூறினாள். இச்செய்தியை இப்னு ஹிஷாம் பதிவு செய்துள்ளார். பின்வந்த ஃபிக்ஹும் அவ்வளவையையே முதற்படியாகக் கொண்டது. பருவ வயதில் தோன்றும் அடையாளங்கள் இரண்டாம் படி. அவற்றாலும் தெளிவுறாதவரே குன்ஸா முஷ்கில்.

வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் முதலிய நம் அரபுக் கல்லூரிகளின் ஹனஃபி மாணவர்கள் ஓதும் ஹிதாயாவின் இறுதிப் பகுதியில் இத்தகையோருக்கென ஒரு தனி அத்தியாயமே அமைந்துள்ளது. தொழுகையில் அவர்களுக்கு ஆண்களின் வரிசைக்கும் பெண்களின் வரிசைக்கும் இடையே இடம் தரப்பட்டது. இடமில்லை என்று யாரும் பள்ளிவாசலிலிருந்து வெளியேற்றப்படவில்லை.

வாரிசுரிமையில் மத்ஹபுகள் காட்டிய நுட்பம் இன்னும் கருதத்தக்கது. ஒருவர் ஒரு மகனையும் ஒரு குன்ஸாவையும் மட்டும் விட்டு இறந்தார் எனக் கொள்வோம். குன்ஸா ஆணாயின் பாதி. பெண்ணாயின் மூன்றிலொரு பங்கு. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் குறைந்த பங்காகிய மூன்றிலொன்றை அவருக்கு அளித்து எஞ்சியதை மகனுக்கு அளித்தனர். ஷாஃபிஈ மத்ஹபில் இருவருக்கும் உறுதியான அளவே தரப்படும்: குன்ஸாவுக்கு மூன்றிலொன்று, மகனுக்குப் பாதி. மீதமுள்ள ஆறிலொரு பங்கு, நிலை தெளியும் வரை அல்லது இருவரும் உடன்படும் வரை நிறுத்தி வைக்கப்படும். மாலிக்கி மத்ஹபில் இரு பங்குகளின் சராசரியாகிய பன்னிரண்டில் ஐந்து. வினா ஒன்று, விடை மூன்று. ஆயினும் மூன்றும் ஒரு நெறியில் ஒன்றுபடுகின்றன. ஐயத்தின் பெயரால் எவர் உரிமையும் முற்றிலும் பறிக்கப்படவில்லை. மற்றவரின் உறுதியான உரிமையும் குறைக்கப்படவில்லை. பெண்கள் பிரிவின் நேர்மை, விலக்கப்படுவோரின் மானம் ஆகிய இரண்டையும் ஒருங்கே எண்ண வேண்டிய இன்றைய வழக்குக்கு இந்நெறி ஒளி தருவதாகும்.

திருநங்கையர் நிலை குன்ஸாவினின்றும் வேறானது என்பதையும் அறிஞர்கள் உணர்ந்திருந்தனர். அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களின் இல்லத்திற்கு வந்து சென்ற முகன்னஸ் ஒருவரைப் பற்றிய ஹதீஸ் நாமறிந்ததே. பெண்களின் அழகை அவர் ஆடவரிடம் வருணித்ததைக் கேட்ட பின்னரே, அவர் பெண்களிடையே நுழைவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தனர். பெண்மையின் சாயல் பிறவியிலேயே அமைந்தவர் மீது குற்றமில்லை. வேண்டுமென்றே புனைபவரே குற்றத்திற்குரியோர் என இமாம் நவவீ (ரஹ்) போன்றோர் விளக்கினர். பெண்களின் தனியிடத்திற்கு எல்லை உண்டு என்பதும், இயல்பால் அவ்வாறு அமைந்தவரை இழிவுபடுத்தலாகாது என்பதும் இதனால் பெறப்படும்.

இக்காலத்து அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. 1989இல் மக்காவில் கூடிய உலக முஸ்லிம் கழகத்தின் ஃபிக்ஹு அவை, முழுமையான ஆணோ பெண்ணோ பால் மாறுவதைத் தடுத்தது. அடையாளங்கள் கலந்திருப்போர், மேலோங்கிய நிலைக்கேற்பச் சிகிச்சை பெற அனுமதித்தது. ஈரானில் இமாம் கொமெய்னி 1980களில் வேறு முடிவு தந்தார். பாகிஸ்தான் 2018இல் திருநர் சட்டம் இயற்றியது. அதில் தன்னுணர்வின்படி பாலினத்தை அறிவிக்கும் பிரிவுகளை 2023 மே மாதத்தில் கூட்டாட்சி ஷரீஅத் நீதிமன்றம் ஏற்க மறுத்தது. இவ்வேற்றுமைகளினூடே எவரும் மறுக்காத ஒன்றுண்டு. மறைவுறுப்பைப் பார்ப்பது தவிர்க்கவியலாத் தேவைக்கு மட்டுமே, அதுவும் தேவையின் அளவுக்கு மட்டுமே ஆகும். ஒரு பள்ளிக் கோப்பை அத்தகைய தேவை ஆகாது.

நம் பள்ளிகள் செய்யத்தக்கன

உறுதியானதை ஐயம் நீக்காது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. பெண்ணெனப் பிறப்புச் சான்றும் பள்ளிச் சேர்க்கைப் பதிவும் கொண்ட பிள்ளை பெண்ணே. உயரம், குரல், நடை, மார்பின் வடிவம், வென்ற நேரம் ஆகியவற்றைக் கொண்டு அவள்மீது ஐயம் எழுப்புவதற்குப் பள்ளி இடங்கொடுத்தல் ஆகாது. பிறரைத் துருவியறிவதையும் இழித்துரைப்பதையும் அல்ஹுஜுராத் அத்தியாயம் வன்மையாகத் தடுத்துள்ளது. முறையீடு எழுமாயின் தலைமையாசிரியை ஒருவரே பதிவேட்டைப் பார்த்து முடித்தல் போதும். உடற்சோதனைக்கு எந்நிலையிலும் இடமில்லை.

பதினைந்து வயதாகியும் பூப்பெய்தாத பெண்ணைக் குடும்பத்தார் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். விளையாட்டுக்காக மட்டுமன்று, அவள் உடல்நலத்துக்காகவும் ஆகும். வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அருகிருக்க, வெட்கத்தால் மறைத்து, பின்னர் ஓர் அயல்நாட்டு அரங்கில் உலகின் முன் அறிய நேர்வது கொடுமையினும் கொடுமை. பெற்றோரும் மருத்துவரும் மட்டும் அறிந்து, அமைதியாக வழிகாட்டப்பட்டிருப்பின் பலரது வாழ்வு வேறாக அமைந்திருக்கும்.

திருநர் மாணவர் எவரேனும் இருப்பின், உடற்பயிற்சி வகுப்பிலிருந்தும் பள்ளித் திடலிலிருந்தும் அவரை விலக்குவது சட்டத்திற்கும் முரண், அறத்திற்கும் முரண். தனித்தனியே பூட்டிக்கொள்ளும் உடைமாற்று அறைகள் அமைப்பின், நாணமுடைய மாணவியர்க்கும் அது பாதுகாப்பு. அம்மாணவர்க்கும் அது பாதுகாப்பு. பருவமெய்திய பின் பதக்கத்திற்கான போட்டிகளில் பெண்கள் பிரிவின் எல்லையைக் காப்பது நியாயமே என நாம் கருதுகிறோம். ஆயினும் அவ்வெல்லையை ஒவ்வொரு விளையாட்டின் தன்மைக்கேற்பக் கூட்டமைப்புகள் முன்கூட்டியே எழுதி வைத்தல் வேண்டும். பிள்ளை களத்தில் இறங்கிய பின் வகுப்பது நீதியாகாது. எல்லைக்கு வெளியே நிற்பவருக்கும் பொதுப்பிரிவு ஒன்றில் ஓட இடம் வேண்டும். ஐயத்திற்குரிய ஆறிலொரு பங்கையும் நிறுத்தி வைத்துக் காத்த ஃபிக்ஹை ஓதியோர்க்கு இது புதிய செய்தியன்று.

மாநில விளையாட்டுத் துறையும் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பும் இது குறித்துத் தெளிவான நெறிமுறை வகுக்கும்போது, நம் கல்விச் சங்கங்கள் வாளாவிராமல் தம் கருத்தை எழுதி அனுப்புதல் வேண்டும். பெண்கல்விக்குப் பொருளையும் நிலத்தையும் அளித்த பரம்பரை நம்முடையது. அக்கல்வியைப் பெறும் பிள்ளையின் மானம் திடலிலும் காக்கப்படுகிறதா எனக் கேட்கும் பொறுப்பும் நம்முடையதே.